எல்லாக் கையும் வந்த வெள்ளிக்கிழமை

வெயிலில் வந்திருக்கிறீர்கள், முதலில் தண்ணீர் குடியுங்கள் மோகன்குமார். அந்த நாற்காலி வேண்டாம், அங்கே ஃபேன் காற்று எட்டாது. இப்படி ஜன்னல் பக்கம் உட்காருங்கள். அல்போன்சா டீ போட்டுக்கொண்டிருக்கிறாள். என் மனைவி போடுகிற டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். முதல் வாய் தொண்டையைப் பிடிக்கும், அப்புறம் சரியாகிவிடும்.

நீங்கள் வருவீர்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உங்கள் மைத்துனர் முத்துச்சாமி கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீலைப் பார்த்ததாகக் காதில் விழுந்தது. தங்கையைப் பறிகொடுத்தவர், பார்க்கத்தானே செய்வார். புகார் கொடுப்பதற்கு முன் என் வீட்டுக்கே வந்து முகத்துக்கு நேரே கேட்கத் தோன்றியதே, அதை நான் மதிக்கிறேன். உங்களை அலைய விட எனக்கும் விருப்பமில்லை. உங்கள் மனைவி சுகன்யா எப்படி இறந்தார் என்று எங்கள் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொல்வார்கள். வலிப்பு என்பார்கள், பிரஷர் என்பார்கள், கண் பட்டுவிட்டது என்பார்கள். அவரவருக்குத் தெரிந்தது அவரவர் துண்டு மட்டும்தான். முழுதாகத் தெரிந்தவன் நான் ஒருவன். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள். நீங்கள் அதிகம் பேசுகிறவர் இல்லை என்று சுகன்யா சொல்லியிருக்கிறார், அதனால் உங்களுக்கு அதில் சிரமம் இருக்காது.

என்னை ஆண்டனி சார் என்றுதான் உங்களுக்குத் தெரியும். ஆண்டனிராஜ். என் அப்பா பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பிரம்பைத் தொடாமல் அவருக்குப் பாடம் நடத்த வராது. அவரிடம் அடி வாங்கிய பையன்களில் திருந்தியவன் ஒருவனையும் நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான். அடிப்பது, கத்துவது, நாலு பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்பது, இதெல்லாம் அப்போதிலிருந்தே எனக்கு ஆகாது. மனிதர்களை அதட்டாமலே மாற்றலாம் என்று சொல்லும் ஒரு படிப்பு இருப்பதாகத் தெரிந்தபோது எனக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. நடத்தை அறிவியல் என்று பெயர். பெங்களூரில் கொஞ்ச நாள் வகுப்பு, மற்றதெல்லாம் செல்போனில். விஷயம் ரொம்ப எளிது. மனிதன் யோசித்து எதையும் செய்வதில்லை. பழக்கத்தில் செய்கிறான், பக்கத்தில் இருப்பவன் செய்வதைப் பார்த்துச் செய்கிறான், செய்து முடித்துவிட்டு அதற்குக் காரணம் தேடுகிறான். அவனிடம் போய்ப் புத்தி சொல்வதைப் போல் வெட்டி வேலை வேறில்லை. அவன் போகிற வழியில் ஏதாவது ஒன்றை இடம் மாற்றி வைத்தால் போதும், அவனே திரும்பி நடப்பான், தானாகத்தான் திரும்பினேன் என்று சத்தியமும் செய்வான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் கம்பெனி மாடிப்படித் திருப்பத்தில் தோல் வெட்டுகிற கட்டிங் ஆட்கள் பாக்கைப் போட்டுத் துப்பித் துப்பிச் சுவரையே சிவப்பாக்கி வைத்திருந்தார்கள். சாமி படம் ஒட்டலாம் என்றார் ஒருவர். அபராதம் போடலாம் என்றார் இன்னொருவர். நான் அந்த இடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடியை மாட்டினேன். தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே துப்புகிறவன் இன்னும் பிறக்கவில்லை. சுவர் சுத்தமாகிவிட்டது. யாரையும் திட்டவில்லை, யார் மனமும் நோகவில்லை. அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கம்பெனியைப் பற்றிச் சுகன்யா சொல்லியிருப்பார். பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்த குடும்பம். பெரியவர் கிதர் முகம்மது மண்டியில் உட்கார்ந்தே வளர்ந்தவர். மகன் அஸ்பாக் படித்துவிட்டு வந்து, தோலில் கையுறை தைத்து ஜெர்மனிக்கு அனுப்பத் தொடங்கினார். தையலில் முழுக்கப் பெண்கள். அகரம், தாடிக்கொம்பு, ரெட்டியார்சத்திரம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவர்கள். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒழுங்காக வேலைக்கு வருவதில்தான் வம்பு. மல்லிகை சீசனில் பூ எடுக்கப் போய்விடுவார்கள். ஒரு காதுகுத்து என்றால் முதல் நாளும் கிடையாது, மறுநாளும் கிடையாது. பெருவிரல் தைக்கிறவர் வராவிட்டால் மற்ற நான்கு விரலையும் தைத்து என்ன செய்வது, சரக்கு அப்படியே நிற்கும். அஸ்பாக் சம்பளத்தைப் பிடித்துப் பார்த்தார். "அதான் பிடிச்சாச்சுல்ல" என்று சொல்லி, சேர்த்து இன்னொரு நாளும் வராமல் நின்றுகொண்டார்கள். அதற்குப் பிறகுதான் என்னை வேலைக்கு எடுத்தார்.

வந்த முதல் வெள்ளிக்கிழமையே எனக்கு வேண்டியது கண்ணில் பட்டுவிட்டது.

ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பியதும் கம்பெனியில் எல்லாருக்கும் சாப்பாடு. மண்டி நடந்த காலத்திலிருந்து வருகிற வழக்கம். பெண்களுக்குத் தையல் கூடத்தில் பாய் விரிப்பார்கள். தனித் தட்டு கிடையாது, இலை கிடையாது. சஹன் என்பார்கள், தாம்பாளம் போல் பெரிய தட்டு, அதைச் சுற்றி நான்கு பேர். சீரகச் சம்பா பிரியாணியைக் குவித்து வைத்து, பக்கத்தில் கிண்ணத்தில் தாள்ச்சா. எந்த மதம், எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை, நான்கு கையும் ஒரே தட்டில். பெரியவரின் மனைவி ஷாஹினாம்மா எந்தச் சஹனில் இடம் தெரிகிறதோ அங்கே போய் உட்கார்ந்துவிடுவார், அவர்களோடு அதே தட்டில் சாப்பிடுவார். அந்தக் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. சஹனில் உட்கார வேண்டிய எல்லாரும் வந்து உட்காரும்வரை யாரும் சோற்றில் கை வைக்கக் கூடாது. சோறு ஆறினாலும் சரி, கை கழுவப் போனவர் திரும்பும்வரை காத்திருப்பார்கள். நான் தவக்காலத்து வெள்ளியில் கறி தொட மாட்டேன், எனக்கென்று தனியாக முட்டை அவிக்கச் சொல்வார் அந்த அம்மா. அப்படிப்பட்ட வீடு.

சுகன்யா முதல் வெள்ளியன்று சாப்பிடாமல் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாராம். தோட்ட வேலைக்குப் போன இடங்களில் அவருக்கும் அவர் அம்மாவுக்கும் தண்ணீரை எப்படி ஊற்றுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஷாஹினாம்மாதான் பார்த்திருக்கிறார். "என்னத்தா முழிக்கிறே? உன் கை வராம நாங்க எப்படித் தொடுறது?" என்று கேட்டு, ஒரு கறித்துண்டைப் பிய்த்து அவர் பக்கம் தள்ளியிருக்கிறார். அன்று சாயங்காலம் வேனில் போகும்போது சுகன்யா அழுததாக உம்மு சல்மா சொன்னார். சுகன்யாவின் சஹனில் மூத்தவர் உம்மு சல்மா, விதவை, நல்ல மனுஷி.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சம்பளத்தைவிடப் பெரிய ஒன்றை அந்தக் கூடத்தில் வாரா வாரம் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஒரு விலை வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

நான் செய்த மாற்றம் மிகச் சிறியது. யார் யார் ஒரு சஹன் என்பதை நிரந்தரமாக்கினேன். அந்த நான்கு பேரும் வாரம் முழுக்க ஒரு நாளும் தவறாமல் வந்தால் வெள்ளிக்கிழமை அவர்களுக்குச் சஹன். நால்வரில் ஒருவர் ஒரு நாள் நின்றாலும் அந்த வாரம் நால்வருக்கும் சில்வர் தட்டு, கூடத்துக்கு வெளியே வராந்தாவில். அதே பிரியாணி, அதே அளவு. ஒரு துண்டு கறி குறைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஷாஹினாம்மா சஹன்களில் மட்டும் உட்காருவார், வராந்தாவுக்கு வர மாட்டார், அவ்வளவுதான்.

அந்த அம்மா முதலில் ஒப்பவில்லை. "சோத்துல போயி பாகுபாடு வெக்கச் சொல்றீங்களே தம்பி, அல்லாவுக்கு அடுக்குமா?" என்று கேட்டார்.

"பாகுபாடு எங்கம்மா இருக்கு? எல்லாக் கையும் வர்ற வரைக்கும் காத்திருக்கிறதுதானே உங்க வீட்டு முறை. அதையேதான் நாம வாரம் பூரா செய்றோம்" என்றேன்.

அதோடு ஒப்புக்கொண்டார். தன் வழக்கத்தையே எடுத்துத் தன் முன்னால் நீட்டினால் யாராலும் மறுக்க முடியாது. பெரியவர் கிதர் முகம்மது மட்டும் ஒரு வெள்ளி பாதியில் எழுந்துவிட்டார். "கணக்கு சரியாத்தான் இருக்கு தம்பி. எனக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குது, அம்புட்டுத்தான்" என்றார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டார். வயதானவர், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் நடந்ததைப் பார்த்திருந்தால் நீங்களே ஆச்சரியப்பட்டிருப்பீர்கள். வேன் வருவதற்கு முன்னாலேயே ஒருத்தி வீட்டுக் கதவை இன்னொருத்தி தட்டினாள். காய்ச்சல் மாத்திரையை ஆளாளுக்குப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள், தனக்காக இல்லை, தன் சஹன்காரிக்காக. பூ எடுக்கப் போய்விட்டு வந்த ஒருத்தியோடு மற்ற மூவரும் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. தகப்பன் காரியத்தன்று பாதியில் எழுந்து வந்து மெஷினில் உட்கார்ந்தாள் ஒரு பெண். பிள்ளைக்கு அம்மை வார்த்திருப்பதை மறைத்துக்கொண்டு வந்தாள் இன்னொருத்தி. அது எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போ என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் எதிலும் தலையிடுவதில்லை என்பதுதான் இந்த முறையின் அழகே. அவர்களாக வருகிறார்கள், அவர்களாக மறைத்துக்கொள்கிறார்கள். சரக்கு கப்பலுக்குத் தப்பாமல் போனது. அஸ்பாக் என்னை மந்திரவாதி என்றார். மந்திரவாதி என்பவன் இல்லாததை வரவழைக்கிறவன். நான் அவர்களிடம் இருந்ததை எடுத்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தேன்.

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட் வேண்டாமா? சரி.

சுகன்யா விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு தடவை கலைந்து போய், மூன்றாவதாக நின்ற பிள்ளை அது என்று எனக்குத் தெரியும். கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். ஏழாம் மாதம் பிறந்ததும் அவர் சஹன்காரிகள் வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் என் அறைக்கு வந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. அவர் செருப்பு காலில் நுழையாமல் உங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"டாக்டரம்மா படுத்தே கெடக்கணும்னு சொல்லிட்டாங்க சார். பிரஷர் ரொம்ப ஏறியிருக்காம். இப்படியே போனா புள்ளைக்கும் ஆகாது, எனக்கும் ஆகாதுன்னாங்க."

"தாராளமா லீவு எடுத்துக்கம்மா. சட்டப்படியே உனக்கு உண்டு. உடம்புதான் முக்கியம்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. வாசல்வரை போய்விட்டார். "உன் சஹன்ல மட்டும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிரு" என்றேன்.

அவர் நின்றுவிட்டார். "அவங்களுக்கு வேற யாரையாச்சும் சேத்து விடலாம்ல சார்?"

"சேர்க்கலாம்தான். ஒருத்தருக்குச் செஞ்சா எல்லாரும் கேப்பாங்க. நீ அதையெல்லாம் போட்டுக் குழப்பிக்காதம்மா. நீ போ. அவங்க தட்டை எடுத்துட்டு வராந்தாவுக்குப் போகும்போது தானா புரிஞ்சுக்குவாங்க."

மெஷினுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். லீவு மறுத்தேனா? இல்லை. வரச் சொன்னேனா? அதுவும் இல்லை. ஆனால் அவர் திரும்பிப் போய் உட்காருவார் என்று எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னதை அவர் வாயாலேயே கேட்ட பிறகுதான் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன். அவருக்கு மட்டும் விலக்குக் கொடுப்பது பெரிய காரியமில்லை. உம்மு சல்மாவிடம், "அவ வர்ற வரைக்கும் நீங்க மூணு பேருமே ஒரு சஹன்" என்று சொன்னால் முடிந்தது. ஒரு தடவை சொல்லிவிட்டால் மறுநாளே அம்மை போட்ட பிள்ளையின் தாய் வந்து நிற்பாள். பழக்கம் என்பது பாத்திரம் மாதிரி, ஓட்டை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஒழுகிவிடும். அன்று இப்படித்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். இப்போதும் அது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அதையும் மறைக்கப் போவதில்லை. அந்த வாரம் வெள்ளியன்று ஜெர்மனியிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. அஸ்பாக் அவருக்கு எங்கள் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டைக் காட்ட விரும்பினார். அதுவரை எல்லாச் சஹனும் நிறைந்த வாரம் என்று ஒன்று வந்ததே இல்லை, எங்கேயாவது ஓர் இடம் குறையும். அந்த வாரம் வியாழக்கிழமைவரை ஒருத்தரும் நிற்கவில்லை. வராந்தாவில் ஒரு தட்டும் வைக்க வேண்டிய அவசியமில்லாத முதல் வெள்ளி. வியாழன் சாயங்காலம் காலியான தையல் கூடத்தில் தனியாக நின்று அதை நினைத்துப் பார்த்தேன். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, உண்மையைத்தான் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை சுகன்யா வேனில் வரவில்லை. உம்மு சல்மா என்னிடம் ஓடி வந்தார். "போன்ல பேசினேன் சார். தலை வெடிக்குதுங்கா, கண்ணெல்லாம் மங்கலாத் தெரியுதுங்கா, வாந்தி வேற. இன்னிக்கு விட்ருவோம் சார். நாங்க தட்டுலயே சாப்ட்டுக்கிறோம்."

"அப்படியே செய்யிங்கம்மா, பாவம்" என்றேன். "ஷாஹினாம்மாதான் இன்னிக்கு முதல்ல உங்க சஹன்லதான் உட்காரணும்னு சொல்லிட்டிருந்தாங்க. வளைகாப்புக்குச் சுகன்யாவுக்குன்னு சேலைகூட எடுத்து வெச்சிருக்காங்க போல. பரவால்ல, நான் சொல்லிக்கிறேன்."

சேலை விஷயம் பொய். மற்றது உண்மை.

உம்மு சல்மா தன் சஹனில் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து அகரத்தில் உங்கள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் அவரைப் போகச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் போய்க் கூப்பிட்டாலும் சுகன்யா வராமல் இருந்துவிடுவாரோ என்று ஒரு சந்தேகம். அதனால்தான் உங்களுக்குப் போன் செய்தேன்.

நீங்கள் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரிக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்தீர்கள், பின்னால் ஒரே கூச்சல். நான் உங்களிடம் சொன்னது உங்களுக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கும். "உடம்பு முடியலேன்னு சொன்னாங்க. வர வேண்டாம்னே சொல்லிருங்க. அந்த மூணு பொம்பளைங்கதான் பாவம், காலையிலேருந்து ஒண்ணும் வாயில வெக்காம இவங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. அதெல்லாம் நீங்க அவங்ககிட்ட சொல்லாதீங்க." நீங்கள் சொல்லிவிட்டீர்கள். போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிடு, அவங்க சோறு உன்னால கெட வேண்டாம் என்று சொன்னீர்கள். நல்ல மனிதர் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஒருவரிடம் சொல்லாதே என்று சொல்வதைவிட உறுதியாக எதையும் சொல்ல வைக்க முடியாது. இது என் படிப்பில் முதல் பாடம்.

தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பிய நேரத்தில் ஆட்டோ வந்தது. இரண்டு பக்கமும் கைத்தாங்கலாகப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். சஹன்களை வைத்தார்கள். ஷாஹினாம்மா வந்து சுகன்யா பக்கத்தில் உட்கார்ந்தார். பிஸ்மி சொல்லிக் கூடம் முழுக்க எல்லாக் கையும் ஒன்றாகச் சோற்றில் இறங்கிற்று. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெர்மன்காரர் போட்டோ எடுத்தார். ஒரு இடம் காலியில்லை, வராந்தாவில் ஒருத்தர் இல்லை. சுகன்யா பக்கம் நான் திரும்பவே இல்லை, பாயில் உட்கார்ந்ததிலிருந்து சாயும்வரை அவரை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். கை கால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. யாரோ ஓடிப் போய்ச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணித்தார்கள். ஷாஹினாம்மா தன் மடியில் தலையை வைத்துக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தார். வண்டி எடுக்கச் சொல்லி நான்தான் சொன்னேன், ஆனால் உடனே சொல்லவில்லை. அஸ்பாக் அந்த வெளிநாட்டுக்காரரை மாடிக்கு அழைத்துப் போகும்வரை காத்திருந்தேன். அப்புறம் ஆஸ்பத்திரியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பிள்ளையையும் எடுக்க முடியவில்லை.

எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு செய்ததையும் சொன்னால்தான் முழுதாகச் சொன்னதாகும். உம்மு சல்மா தலையில் அடித்துக்கொண்டு, "நான்தான் சார் கொண்டுபோட்டேன், படுத்துக் கெடந்தவளை நான்தானே இழுத்துட்டு வந்தேன்" என்று கதறினார். அவரிடம், "உங்க மேல தப்பே இல்லம்மா" என்றேன். மற்ற இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு அதையேதான் சொன்னேன். ஷாஹினாம்மாவிடம் சொன்னேன். சுடுகாட்டில் உங்கள் தோளில் கை வைத்து உங்களிடமும் சொன்னேன். தப்பு யாருடையது என்று கேட்காத ஒருவரிடம் போய், உன் மேல் தப்பில்லை என்று சொன்னால், அந்த நிமிஷத்திலிருந்து தப்பு அவருடையதாகிவிடும். வேறு யார் மேலும் அவர் கை நீட்ட மாட்டார். அவர்கள் இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. யாருக்குள் என்ன இருக்கிறது என்று இன்னொருவருக்குத் தெரியாது. நீங்கள் அந்தப் போனைப் பற்றி இன்றுவரை முத்துச்சாமியிடம் சொல்லவில்லை, இல்லையா?

அடுத்த வெள்ளி, மூன்று பேரும் தங்களுக்குத் தட்டு போதும் என்று கேட்டார்கள். நான் சஹனே வைக்கச் சொன்னேன். சுகன்யாவின் இடத்தில் ஆள் போடவில்லை, இன்றுவரை காலியாகத்தான் விட்டிருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டுதான் கூடம் முழுக்கச் சாப்பிடுகிறார்கள். அன்றிலிருந்து ஒருத்தரும் ஒரு நாளும் நிற்கவில்லை.

ஆகவே உங்களுக்கு என் வாயால் வேண்டுமானால் சொல்லிவிடுகிறேன். சுகன்யாவை வரவழைத்தது உம்மு சல்மா இல்லை, நீங்களும் இல்லை. நான். வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தே வரவழைத்தேன். செத்துப்போக வேண்டும் என்று நினைக்கவில்லை. வந்தால் போதும் என்று நினைத்தேன், அதற்கு மேல் நினைக்க வேண்டாம் என்று நினைத்தேன். உங்கள் பிள்ளையும் அதில் சேர்த்திதான். இதைப் போலீஸில் சொல்லுங்கள், வக்கீலிடம் சொல்லுங்கள், யார் வந்து கேட்டாலும் நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். என்ன, அவர்கள் முதலில் கேட்பது, படுத்துக் கிடந்தவரைப் போகச் சொன்னது யார் என்றுதான் இருக்கும். ஒரே சஹனில் சாப்பிட்ட பிறகு யார் எவ்வளவு தின்றார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதை யோசித்துத்தான் எல்லாவற்றையும் அப்படி அமைத்தேன். யோசித்துவிட்டு முடிவெடுங்கள், அவசரமில்லை. உங்களை நான் ஒன்றும் வற்புறுத்தவில்லை.

என்ன, எழுந்துவிட்டீர்கள். ஏதோ சொல்ல வருகிறீர்கள், சொல்லுங்கள்.

"கேசு கீசுன்னு நான் ஒண்ணும் வரல சார். அதெல்லாம் முத்துச்சாமி பேசுறது. காலையிலேருந்து வெறும் வயித்தோடதான் அவ ஆட்டோவுல ஏறுனான்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. நானும் ஊர்ல இல்ல. அங்க வந்து ஒரு வாயாச்சும் சாப்ட்டாளான்னு யாரைக் கேட்டாலும் அழுதுட்டுப் போயிர்றாங்க. அதை மட்டும் கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

இதற்காகவா இவ்வளவு தூரம் வெயிலில் வந்தீர்கள்.

சாப்பிட்டார், மோகன்குமார். ஷாஹினாம்மாவே ஊட்டிவிட்டார். வயிறு நிறையச் சாப்பிட்டார், சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.